மீனச்சில் இரத்த அழுத்த மன்றமும் என் மனைவியும்

இரத்த அழுத்தத்தை இந்த உலகிலிருந்து வேரோடு ஒழிக்கும் வல்லமை பெற்ற ஒரே ஸ்தாபனம், கேரளத்துப் பாலா நகரில் இயங்கும் எங்கள் ‘மீனச்சில் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு மன்றம்’தான். நான் தலைவர் என்பதற்காகச் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் மாத்தன், அதாவது நான், எதற்குத் தலைவரானாலும் அது அப்படித்தான் அமையும்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கூடுவோம். அழுத்தம் ஒன்றே, காரணமும் ஒன்றே, அது ‘மனக்கட்டுப்பாடின்மை’ என்பது எங்கள் கொள்கை. அதை ஒருமனதாக மறுபடி உறுதிசெய்துவிட்டு அப்பமும் மாட்டிறைச்சி வறுவலும் சாப்பிடுவோம்.

மன்றத்துக்கு ஒரே களங்கம் என் மனைவி ஏலிக்குட்டி. குச்சி போன்ற உடம்பு. உப்பில்லாக் கஞ்சிதான் குடிப்பாள். மூன்று வகை மாத்திரை விழுங்கியும் அழுத்தம் இறங்கவில்லை. கால் தளர்கிறது, கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்று வேறு சொல்வாள்.

“சேச்சி ஒளிச்சு வச்சு ஊறுகா தின்னுறாங்களோ சாரே?” என்றார் செயலாளர் குருவிளா.

“விசாரணை நடக்குது” என்றேன். ஊறுகாய்ப் பரணியை என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். கெட்டுவிட்டதா என்று அவ்வப்போது ருசி பார்ப்பது சாவி வைத்திருப்பவனின் கடமை.

ஆண்டு விழாவில் அவளை மேடையேற்றி, ‘ஒத்துழையாமை’ என்ற தலைப்பில் பேசினேன். பேச்சின் நடுவில் அவள் கால்கள் மடிந்தன. விழுந்தாள்.

“இது ஒத்துழையாமையின் புதிய வடிவம்” என்றேன் மைக்கில். யாரும் சிரிக்கவில்லை. ஏலிக்குட்டியின் விரல்கள் என் வேட்டி நுனியைப் பிடிக்கப் பார்த்தன. மடங்கவில்லை. அப்போதுதான் மைக்கைக் கீழே வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷரீபா இளம்பெண். ஆனாலும் என்னைப் பேசவிடவில்லை.

“சேச்சி ரத்தத்துல பொட்டாசியம் அதலபாதாளத்துல இருக்கு. இதயமே நின்னிருக்கும். யாரும் சோதிக்கலையா?”

சிறுநீரகத்தின் மேல் உட்காரும் சுரப்பியில் ஒரு சிறு கட்டியாம். வேண்டாத அளவுக்கு ஹார்மோனைச் சுரந்து, உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியே கொட்டுகிறதாம். என்னையும் விடவில்லை, அழுத்தம் பார்த்து ரத்தமும் எடுத்தார்.

“சாருக்கு வந்திருக்கிறது சாதாரண பிரஷர்.”

என் வாழ்நாளில் என்னை யாரும் சாதாரணம் என்று சொன்னதில்லை.

“ரெண்டு பேர் ரிப்போர்ட்லயும் சர்க்கரை கொஞ்சம் ஏறித்தானே இருக்கு? அப்போ ரெண்டும் ஒண்ணுதானே?”

“இல்ல சார். பொட்டாசியம் குறைஞ்சதால சேச்சிக்கு இன்சுலின் சரியா சுரக்கல. உங்களுக்கு ஏராளமா சுரக்குது, உடம்புதான் அதை மதிக்கல. சேச்சிக்குக் கொழுப்பு அளவா இருக்கு. உங்களுக்கு…” மரியாதை கருதி அவர் என் வயிற்றைப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார்.

“எனக்கும் எங்கேயாவது ஒரு கட்டி இருக்கும். நல்லாத் தேடுங்க.”

“உங்ககிட்ட வெட்டி எடுக்க ஒண்ணுமில்ல சார்.”

கட்டிலிலிருந்து ஏலிக்குட்டி மெல்லச் சொன்னாள்: “மைக்கை எடுத்துடலாம் டாக்டரே.”

அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. வாரங்கள் போகப்போக மாத்திரைகள் ஒவ்வொன்றாக நின்றன, அழுத்தம் இறங்கியது. மன்றம் அவசரமாகக் கூடி, இது ‘மன்றத்தின் தளரா உழைப்புக்குக் கிடைத்த வெற்றி’ என்று தீர்மானம் போட்டது. முன்மொழிந்தவன் நான். பாராட்டு விழாவில் அவளுக்கு நான் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு.

ஏலிக்குட்டி மேடைப் படியேறி வந்தாள். யாரையும் பிடித்துக்கொள்ளவில்லை. பொன்னாடையை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு மைக்கை வாங்கினாள்.

“மூணு மாத்திரை போட்டும் பிரஷர் இறங்காதவங்க இங்க யாராவது இருக்கீங்களா? கால் தளருறவங்க?”

பின்வரிசையில் மூன்று பெண்கள் கை தூக்கினார்கள். கொஞ்சம் தயங்கி, குருவிளாவும் தூக்கினார்.

“ஏன்யா, இத்தனை நாளா சொல்லலையே நீ?” என்றேன்.

“சேச்சியை மேடையேத்தினது மாதிரி என்னையும் ஏத்திடுவீங்கன்னுதான் சாரே.”

கை தூக்கிய அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். அவர்கள் ஒவ்வொருவரின் ஒழுக்கத்தையும் வாரம் தவறாமல் சோதித்து வந்த பெருமை எங்கள் மன்றத்துக்கு உண்டு. ரத்தத்தைச் சோதிக்கத்தான் எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.