குவிமாடத்தில் சூடான மூலை

இதைப் படித்தால் சிரிப்பு வரும், உறுதி. ஆனால் இப்போது இல்லை. முதலில் அப்பா நடுங்க வேண்டும்.

எங்கள் சான் லூயிஸ் பள்ளத்தாக்கில் மே மாதமும் பனி கொட்டும். அம்மா டெல்ஃபினாவின் எலுமிச்சை மூன்று ஏற்கெனவே விறைத்துச் செத்தாயிற்று. நாலாவது, வீட்டுக்குள் பூந்தொட்டியில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் கொல்லையில் செடி வளர்க்கப் புதுக் கண்ணாடிக் குவிமாடம் எழுந்தது. உள்ளே வடக்கு ஓரம் பெரிய தண்ணீர்த் தொட்டி. பகல் வெயிலைக் குடித்து இரவெல்லாம் சூடு விடும். அம்மா அதில் முதுகைச் சாய்த்துத்தான் தினமும் காபி குடிப்பாள்.

அப்பா யுசேபியோவுக்கு அந்த மாதிரி அறிவெல்லாம் செல்லாது.

"ஊகம் வேண்டாம் டெல்ஃபினா," என்றார், வானொலியில் புயல் எச்சரிக்கை வாசிக்கும் குரலில். "நாலு மூலையிலயும் வெப்பமானி வைக்கிறேன். எது சூடோ அது என் மிளகாய்க்கு. நம்பர் பொய் சொல்லாது."

"நீ சொன்னா சரிதான்," என்றாள் அம்மா. பாகு சொட்டும் குரல். அந்தக் குரல் கேட்டால் நான் ஓடிவிடுவேன். இந்த முறை கூட்டுச் சேர்ந்தேன்.

விடிந்ததும் குவிமாட வாசலோரப் பாத்தியில் வைக்கோல் பரப்பினோம். வெப்பமானியின் மேல் அடைக்கோழியை உட்கார்த்தினோம். அப்பாவின் பூட்ஸ் சத்தம் கேட்டதும் கோழி என் கோட்டுக்குள்.

அப்பாவுக்குக் கண் பிதுங்கியது.

"தொட்டிப் பக்கம் அறுபத்தொண்ணு ஃபாரன்ஹீட். வாசல் பக்கம் தொண்ணூத்தெட்டு."

"எப்படி யுசேபியோ?"

"வெளிய பனியில பட்ட வெயில் திரும்பி உள்ள வருது. படிச்சவனுக்குத்தான் புரியும்."

"இன்னும் வெயிலே வரலையே."

"வர்றதுக்கு முன்னாடியே வருது."

நாலு நாளும் அதே நம்பர், அதே அதிர்ச்சி. அஞ்சாம் நாள் வாசலோரம் நாற்பது மிளகாய் நாற்று நட்டார். "தொட்டி மூலைய நீயே வச்சுக்கோ."

"அந்தக் குளிர்லயா?"

"பழகிக்கோ."

அன்றே அம்மா எலுமிச்சையைத் தொட்டியோரம் மண்ணில் நட்டாள்.

நம்பரை மட்டும் தினமும் வந்து பார்த்து ரசித்தார். கோழிக்கு ஓய்வில்லை. மூன்று வாரம் கழித்து, அந்த வெப்பத்தை அனுபவிக்க வெறும் சட்டையோடு மிளகாய் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் பல் தாளம் போட்டது.

"உன் உதடு நீலமாயிடுச்சே," என்றாள் அம்மா.

"இங்க தொண்ணூத்தாறு டிகிரி. எனக்குத்தான் குளிர்ஜுரம். பாதிரியாருக்குச் சொல்லி அனுப்பு."

நானும் அம்மாவும் ஆளுக்கொரு கை பிடித்துக் கட்டிலில் சேர்த்தோம். நாலு போர்வை. அம்மா ஜுரமானியை அவர் வாயில் வைத்து எடுத்து நீட்டினாள். அப்பா படித்தார். திருப்பிப் படித்தார்.

"ஜுரமே இல்லையே. அப்ப ஏன் குளிர்ந்துச்சு?"

"குளிரா இருந்திருக்கும்."

அப்போது என் கோட்டு கொக்கரித்தது. காலர் வழியாக ஒரு சிவப்புக் கொண்டை மெல்ல எட்டிப் பார்த்தது.

அப்பா கொண்டையைப் பார்த்தார். ஜன்னல் வழியே குவிமாடத்தைப் பார்த்தார். போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தார்.

"இது எதுவரைக்கும்?" என்றார்.

"எலுமிச்சை வேர் பிடிக்கிற வரைக்கும்." அம்மா போர்வையை இழுத்துவிட்டாள். "நேத்து பிடிச்சிடுச்சு."