கம்பம் வளைந்த வாரம்

இடது கால் சாக்ஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. அதை மேலே இழுக்கவும் முடியவில்லை, விட்டுவிட்டு நிமிரவும் முடியவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கிடங்கு மேற்பார்வையாளர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தெட்டு வருடமாகக் கூடவே இருக்கும் கால். இந்தத் திங்கட்கிழமை காலையில் அது எங்கோ வெளியூரில் இருப்பதுபோல் தெரிந்தது.

"மணி ஆறாகப் போகுது!" சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"தெரியுது."

"உள்ள என்ன பண்றீங்க?"

"சாக்ஸ் போடறேன்."

"பத்து நிமிஷமாவா?"

"இன்னும் முதல் காலே முடியல."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள், வாசலிலேயே நின்று ஒரு கணம் பார்த்தாள். பிறகு மண்டியிட்டு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குப் போடுவதுபோல் இரண்டு சாக்ஸையும் போட்டுவிட்டாள். ஷூ லேஸையும் கட்டினாள். பியூட்டி பார்லரில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிறவள். எழுந்தபோது அவள் முழங்காலும் ஒரு சத்தம் போட்டது.

"என் தம்பி பேச்சைக் கேட்டு ஜிம்முக்குப் போனீங்க பாருங்க, உங்களைச் சொல்லணும்."

மைத்துனன் கூடத்தில் நின்றிருந்தான். ஒரு கையால் கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பிடித்தபடி மறு கையால் போன் பார்க்கிறவன். "நோவுதுன்னா உடம்பு வேலை செய்யுதுன்னு அர்த்தம் மாமா" என்றான்.

"உடம்பு வேலை செய்யட்டும் மாப்ளே. நான் எப்படிப் போய் வேலை செய்யறது?"

ஜிம்முக்குப் போனது ஆசையால் அல்ல, பயத்தால். போன வாரம் கிடங்கின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். 'நாற்பது வயதைக் கடந்த ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை உடல் வளைவுத் தேர்வு. தேர்வின் அடிப்படையில் ஒருவர் புகார் மேசைக்கு மாற்றப்படுவார். விவரம் வியாழக்கிழமைக் கூட்டத்தில்.'

புகார் மேசை என்பது வாசலை ஒட்டிய ஒரு கண்ணாடிக் கூண்டு. ஒரு நாற்காலி, ஒரு கணினி, காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி. பார்சல் வராதவர்கள், உடைந்து வந்தவர்கள், பக்கத்து வீட்டுப் பார்சல் தவறி வந்து அதைப் பிரித்தும் பார்த்துவிட்டவர்கள் எல்லோரும் அந்தக் காதுக்குள்தான் கத்துவார்கள். கடைசியாக அங்கே இருந்தவர், வீட்டில் மனைவி சாப்பிடக் கூப்பிட்டால்கூட 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று சொல்லும் நிலைக்கு வந்து, விடுப்பில் போனார். திரும்பவில்லை.

மேற்பார்வையாளர் பத்தொன்பது வருடமாக நடந்து பிழைத்தவர். கிடங்கின் நாற்பத்திரண்டு வரிசைகளிலும் எந்தப் பெட்டி எங்கே இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அந்த நடையை எடுத்துவிட்டால் தன்னிடம் வேறு என்ன மிச்சம் என்று யோசித்தால் அவருக்குச் சோறு இறங்குவதில்லை. ஆனால் வளைவது என்பது அவர் பக்கமே வந்ததில்லை. ஆறடி உயரம். தரையில் விழுந்த பேனாவை எடுக்க ஆள் கூப்பிடுகிறவர். சுமை தூக்குகிறவர்கள் முகத்துக்கு முன்னால் 'அண்ணே' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'கம்பம்'. அந்தப் பெயர் அவருக்கும் தெரியும். தெரியாததுபோல் இருப்பதும் மேற்பார்வையில் ஒரு பகுதிதான்.

அன்று கிடங்கில் அவர் கவராயத்தைப்போல் நடந்தார். ஒரு காலை நட்டுவைத்து மறு காலைச் சுற்றிக் கொண்டுவந்தார். சாயங்காலம் மனைவி அவர் கையில் போனைக் கொடுத்தாள்.

"பார்லருக்கு வர்ற ஒருத்தங்க அனுப்பினாங்க. யோகா மாதிரி, ஆனா ரொம்ப லேசு. மெதுவா நீட்டி, மெதுவா மடக்கணும். உடற்பயிற்சி பண்ணி இறுகின சதையெல்லாம் இளகிடுமாம். பாய விரிச்சிருக்கேன், போங்க."

வீடியோவில் ஒரு பெண் குளிர்ந்த குரலில் பேசினாள். வலி தொடங்குகிற இடத்துக்கு முன்பே நின்றுவிட வேண்டுமாம். அவசரமே கூடாதாம். மொத்தம் முப்பது நிமிஷம். மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். லாரி வரும் முன் பெட்டியை இறக்கிப் பழகிய மனிதர். எதையும் குறித்த நேரத்துக்கு முன்பே முடிக்கத்தான் அவருக்குத் தெரியும். வீடியோவின் வேகத்தை இரண்டு மடங்காக்கினார்.

குளிர்ந்த குரல்காரி கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவள்போல் ஆகிவிட்டாள். "மெல்லமூச்சைஇழுங்கள்விடுங்கள்வலதுகால்" என்றாள். அவர் வலது காலை நீட்டுவதற்குள் அவள் இடது காலுக்குப் போய்விட்டாள். துரத்திப் பிடித்தார். பத்தாவது நிமிஷத்தில் தொடையின் பின்பக்கம் ஏதோ ஒன்று 'டக்' என்றது.

"முடிஞ்சிருச்சா? அதுக்குள்ளயா?" மனைவி எட்டிப் பார்த்தாள்.

"நான் முடிஞ்சிட்டேன்" என்றார் பாயில் படுத்தபடி.

போனை எடுத்துப் பார்த்தவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "ஏங்க, இதையுமா ஓட்டமா ஓட்டுவீங்க? நாளைக்குக் காலையில நேரத்தோட எழுந்து, அவ சொல்ற வேகத்துல பண்ணுங்க."

செவ்வாய்க்கிழமை விடியற்காலை நான்கரைக்கு எழுந்து, அவள் சொன்ன வேகத்திலேயே செய்தார். மண்டியிட்டு, குதிகால்மேல் உட்கார்ந்து, அப்படியே முன்னால் குனிந்து நெற்றியைப் பாயில் வைக்க வேண்டும். குழந்தை தூங்குகிற மாதிரி ஒரு நிலை. "உங்கள் உடலின் பாரத்தையெல்லாம் தரைக்குக் கொடுத்துவிடுங்கள்" என்றது குளிர்ந்த குரல். பத்தொன்பது வருடமாக இப்படி ஒரு வார்த்தையை அவரிடம் யாரும் சொன்னதில்லை. கொடுத்துவிட்டார்.

கண் திறந்தபோது மணி ஏழரை.

"ஏன் எழுப்பல?" என்று கத்தினார். கால்கள் இரண்டும் மரத்துப்போய், யாருடையதோ போல் கிடந்தன.

"நீங்க ஆழ்ந்து போயிட்டீங்கன்னு நினைச்சேன். தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு காலை ஓரமா வச்சு நடந்தேன்" என்றாள்.

"மாமா குறட்டை விட்டாரேக்கா" என்றான் மைத்துனன்.

"அது மூச்சுப் பயிற்சின்னுல்ல நினைச்சேன்!"

பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாகத் தாமதமாகப் போனார். நெற்றியில் பாயின் பின்னல் அச்சு அப்படியே பதிந்திருந்தது. எல்லோரும் 'சைரன்' என்று கூப்பிடுகிறவன் வாசலில் நின்றிருந்தான். சுமை தூக்குகிறவர்களில் மூத்தவன். அவன் ரகசியம் சொன்னால்கூட நாற்பத்திரண்டாம் வரிசை வரை கேட்கும்.

"என்ன அண்ணே, மூஞ்சில கோடு கோடா இருக்கு? வீட்ல சண்டையா?"

"போய் வேலையைப் பாருடா."

"அண்ணி ஓங்கி வச்சிருக்காங்கப்பா!" என்று சைரன் திரும்பிச் சொன்னதில், தூரத்தில் ஓடிக்கொண்டிருந்த வண்டிகள்கூட நின்றன.

வீட்டில் செய்தால் தூக்கம் வருகிறது. வேலை செய்யும் இடத்தில் தூக்கம் வராது. இப்படிக் கணக்குப் போட்டு, புதன்கிழமை மதிய இடைவேளையில் முப்பத்தோராம் வரிசைக்குப் பின்னால் ஒரு காலி அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்தார். அங்கே ஆள் நடமாட்டம் கிடையாது. மண்டியிட்டார், குனிந்தார், நெற்றியை அட்டையில் வைத்தார். கைகளை முன்னால் நீட்டினார். முதுகில் எங்கோ ஒரு முடிச்சு மெல்ல அவிழ்ந்தது.

"ஐயையோ, என்ன இது!"

தலையை லேசாகத் தூக்கினார். நீட்டிய விரல்களுக்கு ஒரு சாண் தள்ளி, பளபளவென்று இரண்டு ஷூக்கள். மேனேஜருடையவை.

"எழுந்திருங்க, முதல்ல எழுந்திருங்க! இவ்வளவு வருஷம் வேலை பார்த்தவரு, இப்படியா கால்ல விழறது?"

"சார், நான் விழல..."

"எனக்குப் புரியுது. வெள்ளிக்கிழமை விஷயம்தானே? அது என் கையில இல்ல. மேலிடத்து முடிவு. நீங்க எத்தனை தடவை விழுந்தாலும் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"சார், இது பயிற்சி."

"பயிற்சி வேற எடுத்துக்கிட்டு விழறீங்களா?" மேனேஜரின் குரல் தழுதழுத்தது.

எழுந்தால் விளக்கிவிடலாம் என்று நினைத்தார். ஆனால் கால்கள் மறுபடியும் மரத்திருந்தன. எழப் பார்த்தவர் முன்னால் சரிந்து, மேனேஜரின் கணுக்காலையே பிடித்துக்கொண்டார். மேனேஜர் பதறி ஆளைக் கூப்பிட்டார். வந்தது சைரன்.

பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. இடைவேளை முடிவதற்குள், கம்பம் மேனேஜர் காலைக் கட்டிக்கொண்டு அழுதது என்ற செய்தி லாரி ஓட்டுநர்கள் வரை போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு அந்தக் கூண்டுதான்" என்றார் கடைசியில். "தலையில எழுதியாச்சு."

மனைவி போனை அணைத்து மேசையில் வைத்தாள். பாயைச் சுவரோரம் விரித்து, தானும் படுத்து, இரண்டு கால்களையும் சுவரில் தூக்கி வைத்தாள். "வாங்க. இதை மட்டும் பண்ணுங்க. எனக்கும் கால் கடுக்குது."

அவரும் படுத்தார். இரண்டு ஜோடிக் கால்களும் சுவரில் சாய்ந்து நின்றன. அவள் பாதம் வீங்கியிருப்பதை அவர் அப்போதுதான் பார்த்தார்.

"தினமும் இப்படித்தான் வீங்குமா?"

"நாலு வருஷமா."

"சொல்லவே இல்லையே."

"நீங்க குனிஞ்சு பார்த்தாத்தானே?"

பத்து மூச்சு எண்ணினார்கள். பிறகு உட்கார்ந்து, கால் நீட்டி, எட்டுகிற இடம்வரை கையைக் கொண்டுபோய், வலிக்குமுன் நின்றார்கள். எதையும் முடித்தாக வேண்டும் என்ற எண்ணம் அன்று அவருக்கு இல்லை. அதனாலோ என்னவோ உடம்பு கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. முழங்காலைத் தாண்டிக் கை போனது.

வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு அவர் போகவில்லை. மேனேஜர் முகத்தில் எப்படி விழிப்பது? "இருபத்திரண்டாம் வரிசையில எண்ணிக்கை பார்க்கணும். என்ன சொன்னாங்கன்னு நீ வந்து சொல்லு" என்று சைரனை அனுப்பினார்.

அரை மணி கழித்து சைரன் வந்தான்.

"என்னடா சொன்னாங்க?"

"பெருசா ஒண்ணுமில்ல அண்ணே" என்றான். அவன் இவ்வளவு தாழ்ந்த குரலில் பேசி அவர் கேட்டதே இல்லை. "அவங்கவங்க உடம்புக்கு முடிஞ்ச அளவு குனிஞ்சாப் போதுமாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நீங்க எப்படி அண்ணே, குனிவீங்களா?"

"பார்க்கலாம்டா" என்றார். அவன் அக்கறை மனதைத் தொட்டது.

அன்று சாயங்காலம் மறுபடியும் மனைவியோடு பாயில் உட்கார்ந்தார். அவசரமில்லாமல் மூச்சை விட்டுக் குனிந்தபோது, விரல் நுனி எதிலோ பட்டது. அவருடைய கால் பெருவிரல். பல வருடம் கழித்துச் சந்திக்கிற உறவுக்காரனைப்போல் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சமையலறை வாசலில் நின்று மைத்துனன் கை தட்டினான். மனைவி சிரித்தாள். அந்த வாரத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

வெள்ளிக்கிழமை, மேனேஜர் அறைக்குப் பக்கத்து அறையில் தேர்வு. வெளியிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வந்திருந்தாள். பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராக உள்ளே போய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகியபடி வெளியே வந்தார்கள்.

"முட்டிக்கு மேலயே நின்னுருச்சு அண்ணே" என்றான் ஒருவன்.

"எனக்கு நாற்காலிலேருந்து எழவே முடியல" என்றான் இன்னொருவன், நேற்று நாற்பது கிலோ பெட்டியைத் தனியாளாகத் தூக்கியவன்.

அவருக்குப் பாவமாக இருந்தது. இவர்களில் ஒருவன்தானே அந்தக் கூண்டுக்குள் போகப்போகிறான்? குறுகுறுப்புத் தாங்காமல் சைரனை ஓரமாக அழைத்தார்.

"நீ உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம் சொல்லித் தர்றேன். மூச்சை மெதுவா விட்டுக்கிட்டே குனிஞ்சா, கை தன்னால எட்டும்."

சைரன் பாம்பைக் கண்டவன்போல் பின்வாங்கினான். "வேணாம் அண்ணே! எனக்கு எதையும் சொல்லித் தராதீங்க. நீங்க நல்லா இருங்க."

தன்மானக்காரன் என்று நினைத்துக்கொண்டார்.

கடைசியாக அவர் முறை வந்தது. பிசியோதெரபிஸ்ட் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காலையிலிருந்து முனகல் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போன முகம். "குனிஞ்சு காலைத் தொடப் பாருங்க சார்" என்றாள்.

மூச்சை விட்டார். குனிந்தார். இரண்டு கையாலும் பெருவிரல்களைத் தொட்டார். தரையில் உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தார். கை ஊன்றாமல் எழச் சொன்னாள், எழுந்தார். கழுத்தையும் இடுப்பையும் இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார். எங்கும் ஒரு சத்தம் வரவில்லை.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவள் அவரையே பார்த்தாள். கண் லேசாகக் கலங்கியிருந்தது. காகிதத்தில் பெரிதாக ஒரு வட்டம் போட்டு, அதற்குள் அவர் பெயரை எழுதினாள்.

"தேறிட்டேனாம்மா?" என்றார். வீட்டுக்குப் போன் செய்ய அவர் கை அதற்குள் பையைத் துழாவத் தொடங்கியிருந்தது.

"கும்பிடணும் சார் உங்களை! புகார் மேசையில எட்டு மணி நேரம் ஒரே நாற்காலியில உட்காரணும், அதனால உடம்பு நல்லா வளையற ஆளா ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கப்போறோம்னு மேனேஜர் நேத்துக் கூட்டத்துல சொன்னாலும் சொன்னார், இன்னைக்கு இங்க ஒருத்தருக்கும் முட்டிக்குக் கீழ கையே போக மாட்டேங்குது!"