ஐந்து ஸ்பீக்கர்களைச் சமமாகப் பங்கிட்ட வரலாறு

நீதி எங்கே பிறந்தது என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு. அது பென்ஷன் வாங்கிக்கொண்டு எங்கே குடியேறியது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். பாறசாலையிலிருந்து காரக்கோணம் போகும் ரோட்டில், பள்ளிவிளை பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, ராஜதாஸ் வீட்டில்தான்.

ராஜதாஸ் நெய்யாற்றின்கரையில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து, எந்தக் கோப்பையும் அவசரப்பட்டு நகர்த்தாத பெருமையோடு ஓய்வு பெற்றவர். சபைக் கமிட்டிக்குப் பதினான்கு வருஷமாகச் செயலாளர். மூன்று பேர் நின்று பேசினால் அவருக்கு அது கூட்டம். கூட்டம் என்றால் மினிட்ஸ் புத்தகம் வேண்டும். சொந்த அப்பா கண்ணை மூடியதைக்கூட அவர் முறைப்படி பதிவு செய்திருந்தார். கட்டிலுக்கு ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் தம்பி வேதமாணிக்கமும் நின்றார்கள். கிழவர் ஏதோ சொன்னார். அன்று இரவே ராஜதாஸ் எழுதிவைத்தார்: “கடைசி வார்த்தைகள்: தெளிவில்லை.” அவ்வளவு நேர்மையானவர். கேட்காததைக் கேட்டதாக எழுத அவருக்கு மனசு வராது.

தங்கச்சி ராஜபாய் அப்போது அடுக்களையில் அப்பாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. அதைப் பற்றிப் பேச்சு எழுமுன் தம்பியின் லீவு முடிந்து அவன் சார்ஜாவுக்குப் போய்விட்டான்.

ராஜபாயின் புருஷன் ஆறு வருஷம் முன்பே இறந்துவிட்டான். அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில், ரோட்டைப் பார்த்த பதினைந்து சென்ட் நிலத்தில், ஓட்டு வீடு ஒன்றில் மகள் ஷிஜாவோடு இருக்கிறாள். ஷிஜா தனுவச்சபுரம் கல்லூரிக்குப் பஸ்ஸில் போய் வருகிறாள். நிலம் அப்பா பேரிலேயே கிடந்தது. பெண்ணுக்கும் சம பங்கு என்று கோர்ட்டு சொல்லிப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. இப்படிக் கோர்ட்டெல்லாம் வீட்டு விஷயத்தில் தலையிடுவது ராஜதாஸுக்கு வருத்தம்தான். ஆகவே ஆதாரம், அதாவது பத்திரம், எழுதும் மோகனனிடம் சொல்லி ஓர் ஒழிமுறி எழுதி வாங்கினார். ‘இந்தச் சொத்தில் எனக்கு ஒரு உரிமையும் இல்லை’ என்று தங்கச்சி மனமுவந்து எழுதிக் கொடுப்பதற்குப் பெயர் ஒழிமுறி. மனசை உவக்க வைக்கிற வேலை அண்ணனுடையது.

கையெழுத்துப் போட ராஜபாய் ஒன்றே ஒன்று கேட்டாள். “வேதமாணிக்கம் அண்ணன் வாயால சொல்லட்டு. நான் கண்ண மூடிட்டு ஒப்பு போடுகேன்.”

‘தெளிவில்லை’ என்ற பதிவின் நகலையும் சேர்த்து ராஜதாஸ் சார்ஜாவுக்கு விரிவாகக் கடிதம் எழுதினார். 1997 ஓணம் லீவுக்குப் பதில் வந்தது, மூன்று பெட்டிகளாக. முதல் பெட்டியில் அரிசி மூட்டை கனத்தில் ஒரு ரிசீவர், அதோடு ஐந்து ஸ்பீக்கர்கள். மற்ற இரண்டில் டிவியில் விளையாடும் வீடியோ கேம் ஒவ்வொன்று. ஒரு கேம் பெட்டிமேல் ‘அண்ணன் வீட்டுக்கு’ என்றும் மற்றதன்மேல் ‘ஷிஜாவுக்கு’ என்றும் எழுதியிருந்தது. சாமான் கொண்டுவந்தவன் போகிற போக்கில் ராஜபாய் கையில் ஒரு வீடியோ கேசட்டைக் கொடுத்தான். எல்லாரும் கூடியிருக்கும்போதுதான் போட வேண்டும் என்று உத்தரவாம். அவள் வீட்டில் டிவியே கிடையாது. கேசட்டைத் துணிக்கடியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இணைப்புப் பணிக்கு ராபின்சன் அழைக்கப்பட்டான். கல்யாணம், அடக்கம், கன்வென்ஷன் எதுவானாலும் அந்தப் பக்கத்தில் மைக் செட் அவனுடையதுதான். ரிசீவரைத் திருப்பிப் போட்டு அதன் முதுகை வெகுநேரம் பார்த்தான்.

“அண்ணாச்சி, அம்பத்தி ரெண்டு தொள உண்டு. மைக்கு குத்த ஒரு தொள இல்ல.”

“எலே, இது மைக் செட்டு இல்ல. ஹோம் தியேட்டராக்கும்.”

“எதானாலும் வயருதானே அண்ணாச்சி.”

அன்று மாலை போதகர் தலைமையில் கூட்டம் நடந்தது. முதல் தீர்மானம்: இரண்டு கேம்களும் டிவியும் வீடியோ டெக்கும் ரிசீவரோடு இணைக்கப்படும், ரிசீவர் ராஜதாஸ் வீட்டில் இருக்கும். ‘ஷிஜாவுக்கு’ என்று எழுதியிருக்கிறதே என்று ராஜபாய் மெல்ல ஞாபகப்படுத்தினாள். “அவளுக்கு உள்ளதுதான், பிள்ளே. நான் எடுக்குகேனா? இங்க இருக்கும். அவ்வளவுதான்” என்றார் ராஜதாஸ். உள்ளே வருகிற வயரெல்லாம் ஒன்றுசேர வேண்டும் என்பது அவருடைய ‘ஐக்கியக் கொள்கை’.

இரண்டாவது தீர்மானம்: ஸ்பீக்கர்கள் சமமாகப் பங்கிடப்படும். வெளியே போகிற வயரெல்லாம் பிரிய வேண்டும் என்பது ‘சமத்துவக் கொள்கை’. தம்பி குடும்பத்துக்கென்று அனுப்பிய பொருளை ஒருவரே அனுபவிப்பது பாவம் அல்லவா? பெரிய ஜோடி இரண்டும் மூத்தவர் வீட்டுக்கு. சின்ன ஜோடியில் ஒன்று சபைக்குத் தசமபாகமாகப் போதகர் பங்களாவுக்கு. இன்னொன்று பத்திரம் எழுதிய உபகாரத்துக்கு மோகனன் வீட்டுக்கு. ஒழிமுறியில் சாட்சிக் கையெழுத்துப் போடப்போகிற இரண்டு பேரும் இவர்கள்தான் என்பது தற்செயல்.

மிச்சமிருந்தது ஒன்று. நீளமாக, படுத்துக்கிடக்கிற மாதிரி, ஜோடி இல்லாமல்.

“அண்ணாச்சி,” என்று ராபின்சன் காகிதத்தை நீட்டினான், “இத டிவிக்க அடியில வைக்கணும்னுல்லா படம் போட்டிருக்கு.”

“படம் போட்டவனுக்கு நம்ம குடும்பத்தத் தெரியுமா? ஜோடி உள்ளது ஜோடியா இருக்கட்டு. ஜோடி இல்லாத்தது…” என்று நிறுத்தி, தங்கச்சியைப் பார்த்தார்.

ராஜபாய்க்கு முகம் செத்துப்போயிற்று. பத்துப் பேர் நடுவில் அண்ணன் அப்படிச் சொல்லுவான் என்று அவள் நினைத்திருக்கவில்லை. “கொள்ளாம் அண்ணோ. ஜோடி இல்லாத்தவளுக்கு ஜோடி இல்லாத்தது” என்று அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதாக மினிட்ஸில் இருக்கிறது.

இரண்டு நாள் வயர் இழுத்தார்கள். ஒன்று அயனிப்பலா மேலே ஏறிப் போதகர் பங்களாவுக்குப் போனது. ஒன்று ஓடையைத் தாண்டி மோகனன் வீட்டுக்குப் போனது. ராஜபாயின் ஸ்பீக்கர் ரோட்டைப் பார்த்த அடுக்களை ஜன்னலில் உட்கார்ந்தது. திண்டு சமமில்லாததால் தொட்டால் ஆடியது.

சனிக்கிழமை சோதனை ஓட்டம். ஸ்பீக்கர் இருக்கும் வீட்டிலெல்லாம் ஓர் ஆள் உட்கார்ந்து கேட்டு, வந்து அறிக்கை தர வேண்டும். ராஜதாஸே கார் பந்தயம் ஓட்டினார். இடதுபக்கம் ஒதுங்கி, திருப்பத்திலெல்லாம் வேகம் குறைத்து, பின்னால் வந்த எல்லோருக்கும் வழிவிட்டு, நாற்பது நிமிஷத்தில் பந்தயத்தைக் கண்ணியமாக முடித்தார். கார்கள் அவர் ஹாலில் இடதும் வலதுமாகச் சீறின. பிறகு அறிக்கைகள் வந்தன.

“ஒன்றும் கேட்கவில்லை. ஜெபத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் நன்றாக இருக்கிறது” என்றார் போதகர். மோகனன் வீட்டில் எப்போதாவது காற்று வீசியதாம்.

“நம்ம வீட்டுல ஒரு சாயிப்பு இங்கிலீஷுல பேசுகான் மாமா” என்றாள் ஷிஜா. “கார் சத்தம் கொறச்சல். பேச்சுதான்.”

“கேமுக்கு எதுக்குப் பேச்சு? அது கெடக்கட்டு” என்றார் ராஜதாஸ். ‘பங்கீடு திருப்திகரம்’ என்று பதிந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஹாலில் கூடினார்கள். தியேட்டர் மாதிரி இருக்க வேண்டும் என்று கதவையும் ஜன்னலையும் சாத்தித் திரை போட்டிருந்தார் ராஜதாஸ். போதகர் ஜெபித்துத் துவக்கிவைத்தார். ஷிஜா தங்கள் வீட்டு ஸ்பீக்கருக்குக் காவல். மேஜைமேல் ஒழிமுறி, அதன்மேல் பேனா. ராஜபாய் கேசட்டைக் கொடுத்தாள்.

டிவியில் வேதமாணிக்கம் வந்தான். சோபாவில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, வாயைத் திறந்தான்.

சத்தம் இல்லை.

ராபின்சன் குமிழைத் திருகினான். இருபது, முப்பது, நாற்பது. பெரிய ஜோடி இரண்டும் மூச்சுவிடவில்லை. வேதமாணிக்கத்தின் வாய் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

“அண்ணன் மெலிஞ்சு போச்சே” என்று ராஜபாய் கண்ணைத் துடைத்தாள்.

ராஜதாஸ் ஒழிமுறியைப் பார்த்தார். இன்று விட்டால் இந்தக் கூட்டத்தை இனி கூட்ட முடியாது. முப்பத்திரண்டு வருஷம், படிக்காத விண்ணப்பத்துக்கெல்லாம் குறிப்பெழுதிய அனுபவம் அப்போது கைகொடுத்தது.

“பாரு பிள்ளே, கைய நீட்டுகான். ‘எல்லாத்தயும் மூத்த அண்ணனுக்க கையில விட்டுக் குடு’ன்னு சொல்லுகான்.”

“அப்படியா சொல்லுகாரு?”

“பின்ன? இந்தா, வெரலக் காட்டுகான். ‘இண்ணைக்கே ஒப்பு போடு’ங்குகான். கண்ணு நெறையுது பாத்தியா? என்ன நெனச்சாக்கும்.”

“எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது” என்றார் தசமபாகம் வாங்கிய போதகர். மோகனன் பேனாவின் மூடியைக் கழற்றி, “இவிடெ ஒரு ஒப்பு, பின்னெ இவிடெயும்” என்று விரலால் காட்டினார்.

ராஜபாய் திரையைப் பார்த்தாள். அண்ணன் தன்னையே பார்த்துப் பேசுகிற மாதிரி இருந்தது. பெருமூச்சு விட்டுக்கொண்டு பேனாவை வாங்கினாள். ‘ரா’ என்று எழுதினாள்.

கதவு இடிபட்டது.

“அம்மா! ஒப்பு போடாத! கதவத் தொற!”

ராபின்சன் ஓடிப்போய்த் திறந்தான். ஷிஜா மூச்சு வாங்க நின்றாள். “சின்ன மாமா நம்ம அடுக்களையில கெடந்து கூப்பாடு போடுகாரு. ரோட்டுல ஆளு கூடியாச்சு!”

“பிள்ளைக்கு வேற என்னவோ கேட்டிருக்கும்” என்றார் ராஜதாஸ்.

ராபின்சன் அப்போதுதான் காகிதத்தைப் பின்பக்கம் திருப்பிப் படித்தான். “அண்ணாச்சி, பேச்சு வாறது அந்த நடு ஸ்பீக்கர் வழியாக்கும். நீங்க தங்கச்சிக்குக் குடுத்தது.”

ராஜபாய் பேனாவோடும் பத்திரத்தோடும் எழுந்து தன் வீட்டுக்கு நடந்தாள். சாட்சிகள் பின்னால் போனார்கள். செயலாளர் போகாமல் இருக்க முடியுமா? அவரும் போனார். ராபின்சன் கேசட்டை ஆதியிலிருந்து போட்டான். நாற்பதிலிருந்த குமிழைக் குறைக்க அவனுக்குத் தோன்றவில்லை, அல்லது தோன்றியது.

காரக்கோணம் பஸ் எதிரே ஸ்டாப்பில் நின்றிருந்தது. அடுக்களை ஜன்னலிலிருந்து வேதமாணிக்கத்தின் குரல் ரோட்டில் இறங்கியது.

“அண்ணோ, அப்பா சாகும்போ கட்டிலுக்கு ஒரு பக்கம் நீயும் மறுபக்கம் நானும் நிண்ணோம். ‘ரோட்டுப் பக்கம் உள்ள பதினஞ்சு சென்டும் ராஜபாய்க்கு’ன்னு அப்பா ரெண்டு தடவ சொன்னாரு. எனக்குக் கேட்டுது. உனக்குத் தெளிவா கேக்கலன்னு நீ எழுதி வச்சிருக்கே. காது கேக்காத்தவன எப்படிக் குத்தம் சொல்ல? அதுக்காக்கும் அஞ்சு ஸ்பீக்கர் வாங்கி அனுப்புகேன். இனியாவது கேளு.”

ஸ்பீக்கர் அதிர்ந்து ஜன்னலில் ஆடியது. ராஜபாய் ஒழிமுறியை நாலாக மடித்து அதன் அடியில் சொருகினாள். ஆட்டம் நின்றது.

எல்லோரும் ராஜதாஸைப் பார்த்தார்கள். அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துச் சற்று நேரம் சாய்ந்து நின்றார். கேட்காததைக் கேட்டதாகச் சொல்ல அவருக்கு இன்றும் மனசு வரவில்லை.

“தெளிவில்ல” என்றார்.

பஸ் ஜன்னல்களில் நாற்பது தலைகள் இருந்தன. கண்டக்டர் படியில் தொங்கியபடி மலையாளத்தில் மரியாதையாகச் சொன்னான்:

“சாரே, ஞங்ஙளெல்லாம் தெளிவாயிட்டு கேட்டு. இனி பெல் அடிக்கட்டே?”