வெயிலுக்குப் பூட்டு

ஈரத்துணி நிறைந்த நீல வாளியோடு நாலு மாடி ஏறி வந்து பார்த்தால் கொடிக்கயிற்றைக் காணோம். இரண்டு கம்பங்களிலும் முடிச்சு மட்டும் மிச்சமிருந்தது. நடுவில் கத்திரிக்கோலும் கையுமாகச் செயலாளர் நின்றிருந்தார்.

"விதி பதினேழும்மா. மொட்டை மாடியில கயிறு கட்டக் கூடாது. சங்கத்துப் பழைய புத்தகத்துல தெளிவா இருக்கு."

"இருபது வருஷமா கட்டியிருக்கேனே?"

"இருபது வருஷமா யாரும் புத்தகத்தைத் திறக்கல. நான் திறந்தேன்."

போன மாதம்தான் அவர் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆகியிருந்தார். அன்றிலிருந்து சட்டைப் பையில் இரண்டு பேனா.

டைப்பிஸ்ட் அம்மாவுக்கு வாளி கனத்தது. ஓய்வு பெற்று நாலு வருஷமாகியும் கட்டடத்தில் அவளுக்கு அதுதான் பெயர். அவளுக்கென்று மிச்சமிருந்த சந்தோஷம் ஒன்றே ஒன்று. காலையில் துணியைக் காயப்போட்டுவிட்டு, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு டம்ளர் டீயோடு உட்கார்ந்திருப்பாள். பதினொரு மணிக்கு, மொடமொடவென்று காய்ந்த துண்டை உருவி முகத்தை அதில் புதைத்துக்கொள்வாள். சூட்டோடு ஒரு வாசனை வரும். அதற்குப் பெயர் கிடையாது, எந்தக் கடையிலும் விற்பதில்லை.

கணவர் இருந்தவரை முதல் துண்டு அவருக்குத்தான். வாளியைத் தூக்கி வருவதும் அவர்தான். "முட்டி போச்சு, முட்டி போச்சு" என்று படிக்கு ஒரு தரம் சொல்லிக்கொண்டே தூக்குவார். வாளி மாறிப்போகக் கூடாதென்று அடியில் பெயிண்டால் கையெழுத்துப் போட்டிருந்தார். கடைசி எழுத்தின் வால் வாளியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிற்கும். அவர் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. பெயிண்ட் இன்னும் போகவில்லை.

"எந்த மடையன் எழுதின விதி இது?" என்றாள்.

பின்னால் நின்ற வாட்ச்மேன் இருமினார். கட்டடம் கட்டிய நாளிலிருந்து இருப்பவர். "அம்மா, அது வந்து..."

"நீங்க சும்மா இருங்க. அவருக்குப் பரிஞ்சு பேச வேண்டாம்."

மறுநாள் கைப்பிடிச் சுவரில் துணிகளை விரித்தாள். கயிறுதானே கூடாது? பத்து மணிக்கு ஒரு காற்று அடித்தது. படுக்கை விரிப்பு ஒன்று நிதானமாகப் பறந்து போய், கேட்டருகே ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்த செயலாளரைத் தலையோடு மூடியது. ஸ்கூட்டர் தானாகப் போய்ப் பூந்தொட்டியில் நின்றது.

சாயங்காலமே மாடிப்படிப் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. சுவரிலும் துணி கூடாது. டைப்பிஸ்ட் அம்மா அதைப் படித்துவிட்டு, "மார்ஜின் கோணல்" என்றாள்.

அடுத்த நாள் நாலு நாற்காலி. அதற்கடுத்த நாள் புது அறிவிப்பு: நாற்காலி, மேசை, கட்டில் மற்றும் அவை போன்றவை கூடாது.

மகள் போனில் சொன்னாள்: "ஏம்மா இந்த வம்பு? டிரையர் ஒண்ணு வாங்கி அனுப்புறேன்."

"அதுக்குள்ள வெயில் வருமாடி?"

மறுநாள் காலை அவளே மாடியில் போய் நின்றாள். துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, சூரியனைப் பார்த்து.

செயலாளர் மூச்சிரைக்க ஏறி வந்தார். "என்னம்மா இது?"

"நான் நாற்காலியா? மேசையா? கட்டிலா?"

அவர் யோசித்தார். "அவை போன்றவைல வருவீங்க."

"அப்போ தூக்கிட்டுப் போய்க் கீழ வைங்க, பார்க்கலாம்."

இதை இரண்டாம் மாடி நர்ஸ் கேட்டுக்கொண்டிருந்தாள். கீழே போய்த் தன் வெள்ளை யூனிஃபார்மைப் பிழிந்து எடுத்து வந்து பக்கத்தில் நின்றாள். "ஃபேனுக்கு அடியிலேயே காய வச்சு நாத்தம் அடிக்குதும்மா. எனக்கும் கொஞ்சம் வெயில் குடுங்க."

"நானா குடுக்கிறேன்? நில்லு."

வாரக் கடைசிக்குள் பதினாலு பேர். இரண்டு வரிசையாக, அவரவர் துணியைத் தூக்கிப் பிடித்தபடி. எதிர்க் கட்டடத்துக்காரர்கள் ஏதோ போராட்டம் என்று போலீசுக்குப் போன் போட்டுவிட்டார்கள். கான்ஸ்டபிள் ஒருவர் வந்து நோட்டைப் பிரித்தார்.

"என்ன கோரிக்கை?"

"வெயில்" என்றாள் டைப்பிஸ்ட் அம்மா.

எழுதிக்கொண்டார். "யாரை எதிர்த்து?"

பதினாலு தலையும் செயலாளர் பக்கம் திரும்பின. அதையும் எழுதிக்கொண்டார். பிறகு பையிலிருந்து வியர்வையில் நனைந்த கைக்குட்டையை எடுத்து நர்ஸிடம் நீட்டினார். "இதையும் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா? அஞ்சு நிமிஷம்."

செயலாளருக்கு அதுதான் தாங்கவில்லை. "கட்டடத்துக்குள்ள போலீஸ்! ஞாயித்துக்கிழமை அவசரக் கூட்டம். தீர்மானம் போட்டு மாடிக் கதவை நிரந்தரமாப் பூட்டுறோம்!" முஷ்டி அளவில் ஒரு பூட்டையும் வாங்கி வந்துவிட்டார்.

அந்தப் பூட்டைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு கயிற்றுக்காகச் சண்டை போடப் போய், வானத்தையே பறிகொடுக்கப் போகிறோமோ?

கூட்டம் மாடியிலேயே நடந்தது. பன்னிரண்டு வீடும் வந்திருந்தது. சங்கக் கூட்டம் எதற்கும் அவள் அதுவரை போனதில்லை. கணவர்தான் போவார். என்ன பேசினீர்கள் என்று கேட்டால் "வழக்கம்போலத்தான்" என்பார். அவ்வளவுதான்.

இன்று காலி வாளியைக் காலடியில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"எனக்கு வீட்டுல பேச ஆள் கிடையாது. டி.வி. பார்க்கப் பிடிக்கல. இந்த ஒரு துண்டுக்காகத்தான் தினமும் எழுந்திரிக்கிறேன். இதுக்கு யார்கிட்டயும் அனுமதி கேட்க மாட்டேன். பூட்டுங்க. பூட்டின கதவு முன்னாடி வாளியோட உட்காருவேன், தினமும்." குரல் தடுமாறியது. அதை மறைக்கக் கோபத்தைக் கூட்டினாள். "அந்தப் பதினேழாம் விதியை எழுதின தடிமாடு, காய்ஞ்ச துண்டை ஒரு தரமாவது மோந்து பார்த்திருக்குமா? வெயில் படாத ஜென்மம்!"

வாட்ச்மேன் பலமாக இருமினார். "அம்மா, அது வந்து..."

"இருங்க, வாட்ச்மேன்!"

"சரி, ஓட்டு!" என்றார் செயலாளர். "பூட்டுக்கு ஆதரவா யாரு?" என்று தன் கையைத் தானே தூக்கினார்.

வேறு கை எழவில்லை. பின் வரிசையிலிருந்து அவர் மனைவி மட்டும் எழுந்து வந்தாள். கையில் சொட்டச் சொட்ட ஒரு பேன்ட். அவருடையதுதான். டைப்பிஸ்ட் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று வெயிலில் விரித்துப் பிடித்தாள்.

"வீட்டுக்கு ஒரு ஓட்டுதான். கையை இறக்குங்க" என்றாள்.

கை இறங்கியது. பூட்டும் கிடையாது, அதே கையோடு விதி பதினேழும் ரத்து. மாடி முழுக்கக் கைதட்டல். நர்ஸ் எங்கிருந்தோ புதுக்கயிறு கொண்டுவந்து கட்டிவிட்டாள்.

"முறைன்னு ஒண்ணு இருக்கு" என்று முணுமுணுத்தார் செயலாளர். "ரத்துன்னு புத்தகத்துல எழுதணும். முன்மொழிஞ்சவர் கையெழுத்துக்குப் பக்கத்துல எழுதணும். யாருன்னுதான் தெரியல, ஒரே கிறுக்கல்."

"கொண்டாங்க, நானே அடிக்கிறேன்" என்று பேனாவைப் பிடுங்கினாள். வாட்ச்மேன் தயங்கித் தயங்கிப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார்.

மங்கிய மை. கடைசி எழுத்தின் வால் பக்கத்தின் ஓரம்வரை ஓடி, திரும்பி, ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது.

அவள் வாளியைக் கவிழ்த்துப் பார்த்தாள். மறுபடி புத்தகத்தைப் பார்த்தாள்.

வாட்ச்மேன் இந்த முறை இருமவில்லை. "‘தினமும் இந்த வாளியைத் தூக்க முடியலப்பா, ஒரு விதி போட்டாவது தப்பிச்சுக்கலாம்னு பார்த்தேன்’னு சொன்னாரும்மா ஐயா, ஆனா உங்ககிட்ட சொல்லத் தைரியம் வராம, மறுநாள் காலையில அந்த விதியை மீறின முதல் ஆளா வாளியோட மேல வந்து நின்னதும் அவருதான்."