ஆப்பிள்கள் முகம் திருப்பிய திங்கட்கிழமை

மதிப்புக்குரிய மாமாவுக்கு, உங்கள் மருமகன் இருகரம் கூப்பி, கூப்பிய கைக்குள் பேனாவும் பிடித்து எழுதுவது. அனைவரும் நலம். திங்கட்கிழமை காலை நம் பழக்கடையின் முன்வரிசை ஆப்பிள்கள் யாவும் எதிர்ப்பக்கம் திரும்பி அமர்ந்தன என்பதை இதன்மூலம் முறைப்படி அறிவிக்கிறேன்.

ஞாயிறன்று சாப்பிட வந்த நீங்கள், விற்பவன் குறையை மறைக்காமல் இருந்தாலே பாதிப் பொருளாதாரம் நேராகிவிடும் என்று பேசினீர்கள், அப்பா தட்டை விட்டுத் தலையைத் தூக்கவில்லை, ஏனென்றால் அடிபட்ட பக்கம் சுவரையும் சிவந்த பக்கம் தெருவையும் பார்க்க அடுக்குவதுதான் அவருடைய தொழில் ரகசியம். பழம் மாறும், பழக்கம் மாறாது. மறுநாள் கடையை என்னிடம் விட்டுவிட்டு அவர் சந்தைக்குப் போனார். நான் ஒவ்வொரு ஆப்பிளையும் திருப்பி வைத்தேன், கடையே ஏதோ அடிதடியில் மாட்டிக்கொண்டு வந்ததுபோல் ஆனது. முதலில் வந்தவர் எதிர்க்கடைத் தையல்கார அக்கா.

"என்னடா, இன்னைக்கு எல்லாமே அடிபட்டிருக்கு?"

"எப்பவும் இப்படித்தான்க்கா. இன்னைக்குத்தான் இந்தப் பக்கத்தைக் காட்டுறோம்."

அக்கா வெறும்பையோடு போனார், செய்தி தெருவெல்லாம் போனது, மதியத்துக்குள் கடைமுன் நல்ல கூட்டம், ஆனால் வாங்க இல்லை, போன மாதம் வாங்கியதைப் பற்றி விசாரிக்க. அந்த நேரம் பார்த்து அப்பா வந்து இறங்கினார். பையன் சொல்வது நிஜமா என்று அக்கா நேராகக் கேட்டார். இல்லையென்றால் நான் பொய்யன், ஆமென்றால் கடைக்குப் பூட்டு. அப்பா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"ஆமாம்மா. அவன் சொல்றது உண்மைதான்."

பிறகு அடிபட்டதையெல்லாம் தனிக்கூடையில் போட்டுப் பாதி விலை என்றார். ஜூஸுக்கு இது போதுமே என்று அக்காதான் முதலில் அள்ளினார். சாயங்காலம் அந்தக் கூடை காலி. போன மாதம் கேக்குக்கென்று பெட்டியோடு வாங்கிப்போன பேக்கரிக்காரர் மட்டும் இன்னும் எங்களைக் கண்டால் எதிர்ச்சாரியில் நடக்கிறார். ஆக, உங்கள் உரையைத் தெருவில் நிறைவேற்றிக் காட்டிய ஒரே சீர்திருத்தவாதி நான்தான் என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். அத்தைக்கு வணக்கம், பாப்பாவின் கன்னத்துக்கு வலிக்காத ஒரு கிள்ளு.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்

பி.கு.: அறமெல்லாம் ஒன்றுமில்லை மாமா. லீவு முழுக்கக் கடையில் உட்காரச் சொன்னார் அப்பா. இப்படிச் செய்தால் கடைப்பக்கமே வராதே என்று விரட்டிவிடுவார், பந்தடிக்கப் போகலாம் என்று கணக்குப் போட்டேன். இப்போது வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "இவனுக்குப் பொய் சொல்ல வராது, அதான் இனிமே இவனையே உட்கார வெச்சிருக்கேன்" என்கிறார். நானும் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.