எண்பத்துமூன்று காட்டும் சென்சார்

இன்ஜின் ஓடவில்லை. சாவியை மட்டும் ஒரு சுற்று திருப்பியிருந்தார் மெக்கானிக். வண்டியில் செருகிய ஸ்கேனரின் திரையில் டர்போ காற்றழுத்தம் எண்பத்துமூன்று என்று நின்றது.

நூறு காட்ட வேண்டும். மெக்கானிக்குக்குக் கோபம் தலைக்கேறியது.

விஷயம் எளிதுதான். டர்போ என்பது காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் ஒரு விசிறி. எவ்வளவு அழுத்தம் என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது சென்சார். இன்ஜின் ஓடாதபோது டர்போவும் சும்மா இருக்கும்; அப்போது சென்சார் அளப்பது சுற்றியிருக்கும் வெறும் காற்றை. அது நூறு என்கிறது கைப்புத்தகம். சென்சார் உண்மை பேசுகிறதா என்று பார்க்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. பழைய வேலையிடத்தில் பன்னிரண்டு வருடம் இப்படித்தான் பார்த்தார். நூறு, மிஞ்சினால் நூற்றொன்று. ஒரு வண்டியாவது நூற்றுக்குக் கீழே காட்டியதுண்டா?

மனைவியின் ஊரில் அவர் பட்டறை திறந்து பத்து நாள்தான் ஆகிறது. வந்திருக்கும் முதல் வண்டி டாக்சி சங்கத் தலைவருடையது.

"நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு வண்டி நல்லபடியா கைக்கு வந்தா, சங்கத்து இருபது வண்டியும் உங்ககிட்டதான். இல்லேன்னா பழைய பட்டறைக்கே போயிடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்பதுதான் புகார். சென்சார் பிளக்கில் அழுக்கு. துடைத்ததும் விளக்கு அணைந்துவிட்டது. ஐந்து நிமிட வேலை. ஆனால் எண்ணைச் சரிபார்க்காமல் வண்டியைக் கொடுப்பவர்களைக் கண்டாலே மெக்கானிக்குக்கு ஆகாது.

டவுன் உதிரிபாகக் கடையிலிருந்து பஸ்ஸில் புது சென்சார் வந்தது. மாட்டினார். எண்பத்துமூன்று.

உதிரிபாகக் கடைக்கார அம்மாவைப் போனில் பிடித்தார். "என்னம்மா, டூப்ளிகேட்டை என் தலையில கட்டறீங்களா?"

"தம்பி, வார்த்தையைப் பாத்துப் பேசுங்க. டெஸ்டர்ல போட்டுப் பாத்துட்டுதான் பொட்டலமே கட்டினேன். சுத்தமா நூறு காட்டுச்சு."

"உங்க கடையில நூறு, என் பட்டறையில எண்பத்துமூணா? வழியில பஸ் கண்டக்டர் பதினேழைத் தின்னுட்டாரா?"

"இன்னொண்ணு அனுப்பறேன். போனை வைங்க."

மறுநாள் காலை பஸ்ஸில் வந்த இன்னொன்றும் எண்பத்துமூன்றுதான்.

அப்படியானால் ஒயர். சென்சாரிலிருந்து வரும் பழைய ஒயரை வெட்டிவிட்டுப் புதிதாக இணைத்தார். எண் அசையவில்லை, அதுவரை எரியாத இரண்டு விளக்குகள் எரிந்தன. டர்போ குழாயில் அடைப்போ என்று கழற்றினார். கிளிப் தெறித்து மூக்கில் அடித்தது. இப்போது சென்சாரின் முனை எந்த அடைப்பும் இல்லாமல் வெட்டவெளியில் தொங்கியது. அப்போதும் எண்பத்துமூன்று!

"சாப்பாடு ஆச்சா?" என்று வீட்டுப் பக்கம் பார்த்துக் கத்தினார்.

"பருப்பு இன்னும் வேகலைங்க" என்றாள் மனைவி.

"காலையில இருந்தா? பருப்புலயும் டூப்ளிகேட்டா!"

"எங்க ஊர்ல எதுவும் லேட்டாத்தான் வேகும். உங்க கோபத்தைப் பருப்பு மேல காட்டாதீங்க."

மதியம் சங்கத் தலைவர் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னய்யா இது, வண்டியைக் குடுத்தா பிரிச்சு மேஞ்சு வச்சிருக்கீங்க? நேத்து ஒரு விளக்குதானே எரிஞ்சுது?"

"அது அணைஞ்சிடுச்சுங்க."

"அப்ப இந்த ரெண்டும்?"

"இது வேற."

தலைவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார்.

மெக்கானிக் போனை எடுத்தார். "ஏம்மா, உங்களால என் பொழைப்பே போகப் போகுது! நீங்களே ஒண்ணை எடுத்துக்கிட்டு நேர்ல வாங்க. என் கண்ணு முன்னாடி நூறு காட்டுங்க. காட்டிட்டா, சங்கத் தலைவர் முன்னாலயே உங்ககிட்ட மன்னிப்பு கேக்கறேன்."

"வரேன். திருட்டுப் பட்டத்தோட கடை நடத்த எனக்கும் முடியாது."

இரண்டரை மணி பஸ்ஸில் அந்த அம்மா வந்து இறங்கினார். கையில் டெஸ்டர், அதில் செருகியபடியே ஒரு புத்தம்புது சென்சார். பட்டறைக்குள் வந்து, திரையைத் திருப்பிக் காட்டினார்.

எண்பத்துமூன்று.

"பாத்தீங்களா தலைவரே!" மெக்கானிக் குதித்தார். "அவங்க டெஸ்டர், அவங்க சென்சார், அவங்க கை! இப்ப என்ன சொல்றீங்கம்மா?"

அந்த அம்மா நிதானமாகச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கடையில நூறு காட்டினதை மடியில வச்சுப் பாத்துக்கிட்டேதான் வந்தேன் தம்பி, அடிவாரம் வரைக்கும் நூறு, அப்புறம் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஒண்ணொண்ணாக் குறைஞ்சு, இங்க மலை உச்சியில எண்பத்துமூணு. உங்க ஊர்ல காத்தோட அழுத்தமே அவ்வளவுதான். ஒயரைப் பழையபடி சேத்து, குழாயைப் பூட்டி, அந்தப் பழைய சென்சாரையே மாட்டி வண்டியைக் குடுங்க."