செசிலியாவின் கச்சேரிக்குப் பாடகர் வராத கதை

தாமுவே, ரங்கூன்
1927 பிப்ரவரி, சனிக்கிழமை

ஆண்டவருடைய கிருபையால் பாளையங்கோட்டையில் க்ஷேமமாயிருக்கும் கனம் பொருந்திய அத்தான் அவர்களுக்கும் அக்காளுக்கும், ரங்கூனிலிருந்து ஞானசுந்தரம் தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் மகள் செசிலியாவும் சரீர சுகத்தில் ஒரு குறைவுமில்லை. மன சுகத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் சிலுவைமுத்துவுக்கும் செசிலியாவுக்கும் கல்யாணம் அடுத்த வருஷம் ஆகட்டும் என்று இழுத்தடித்தவன் நான்தான். இனிமேல் தாமதம் கூடாது. லெந்து உபவாச நாட்கள் முடிந்த கையோடு குருவானவரிடம் பேசி நீங்களே நாளைக் குறித்துவிடுங்கள். பெண்ணைக் கேட்க வேண்டியதில்லை. கப்பலேற்றிக் கொண்டுவந்து சேர்க்கிறேன். பிடில் இங்கேயே கிடக்கும்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். செசிலியா பிடில் வாசிப்பது உங்களுக்குத் தெரியும். கோயிலில் நான் கீர்த்தனை பாடும்போது பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் போகிற இடமெல்லாம் கூடவே வருவாள், நான் சறுக்கினால் சபைக்குத் தெரியாமல் மூடி மறைப்பாள். பிடில் என்று ஒன்று இருப்பதே அதற்குத்தானே. மிஷன் பள்ளிக்கூடத்தில் விக்டோரியா டீச்சர் என்கிற அம்மாள் அவளுக்கு வெள்ளைக்கார முறையும் சொல்லிக்கொடுக்கிறாள். கப்பல் கம்பெனித் துரைகளும் அவர்கள் பெண்சாதிகளும் சேர்ந்து இங்கே ஒரு பெரிய வாத்தியக் கோஷ்டி வைத்திருக்கிறார்கள், அதில் பின்வரிசை மூலையில் இவளுக்கும் ஒரு நாற்காலி உண்டு. முன்னால் வாசிக்க வேண்டிய துரைசானி காய்ச்சலில் படுத்துவிட்டாளாம், செசிலியாவுக்கு அந்தப் பாட்டு முழுக்க மனப்பாடம், அவளை முன்னால் விடப்போகிறோம் என்று டீச்சர் வந்து கேட்டாள். நாற்காலியை முன்னுக்குத் தள்ளிப் போடுவார்கள் போலிருக்கிறது என்று நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

அந்தப் பாட்டின் பூர்வோத்தரத்தை டீச்சர் சொன்னபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். எழுதினவர் ஒரு ஜெர்மன்காரர். பெயரைச் சொல்லப் பார்த்தேன், தொண்டையில் மீன்முள் சிக்கினாற்போல் இருந்தது, விட்டுவிட்டேன். இளவயசில் எழுதினாராம். முதல் அரங்கேற்றத்துக்கு வாசிக்க இருந்தவன் உடம்புக்கு முடியாமல் படுத்துக்கொள்ள, வேறொருத்தன் வாசித்தானாம். பார்த்தீர்களா அத்தான், பிறக்கும்போதே ஆளைப் படுக்கையில் தள்ளின பாட்டு. அதோடு விட்டதா? எழுதினவருக்கே திருப்தியில்லாமல், திரும்ப எடுத்துக்கொண்டு ஒரு பெரிய பிடில் வித்வானிடம் போய்க் காட்டி, அவர் இங்கே வெட்டு அங்கே ஒட்டு என்று யோசனை சொல்ல, ஏறக்குறைய முழுதையும் திருத்தி மறுபடி அரங்கேற்றினார்களாம். பாட்டு என்ன மாட்டுவண்டியா, ஆணி அடித்து ஓட்டிப் பார்க்க? வைத்த பெயர் இதற்குத் தகுமா என்று அதிலும் அவருக்கு ஒரு சந்தேகம். அப்புறம் தேசம் தேசமாய்ப் பிடில்காரர்கள் எல்லோரும் அதையே வாசிக்க, நான் வேறு ஒன்றும் எழுதவில்லையா, எப்போதும் இதுதானா என்று அவரே எரிந்து விழுந்தாராம். ஜெர்மன் சண்டைக்குப் பிறகு தள்ளாத வயசில் கஷ்டத்தோடே கண்ணை மூடினார் என்று சொல்லி டீச்சருக்குக் கண் கலங்கியது. பெற்றவனுக்கே ஆகாமல் போனதை என் பிள்ளை தலையிலா கட்டுவது?

சாயந்திரம், மொகல் தெருவில் குடைக்கடை வைத்திருக்கிற சிநேகிதர் காஜா மைதீனையும் கூட்டிக்கொண்டு போனேன். போய் உட்கார்ந்தால், செசிலியாவுக்கு நாற்காலியே இல்லை. துரைகள் எல்லாம் சௌக்கியமாக உட்கார்ந்திருக்க, கல்யாணமாகாத பெண் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நட்டநடுவில் நிற்கிறாள். எனக்குப் பகீரென்றது. பின்னால் ஒருத்தன் முரசை மெல்ல உருட்டினான், இவள் தனியாக ஒரு இழை இழுத்தாள். சரி, சுருதி பார்க்கிறாள், பாடுகிறவர் இனிமேல்தான் வருவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தரும் வரவில்லை. "பாடுறவரு எங்க, பாய்?" என்று காஜா மைதீனைக் கேட்டேன். கப்பல் தாமதமாயிருக்கும் என்றார். அவருடைய சங்கீத ஞானமும் என்னுடையதைப் போலத்தான்.

இவளோ மூச்சு விடாமல் வாசிக்கிறாள். திடீரென்று அத்தனை துரைகளும் வாத்தியத்தை இறக்கிவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இவள் ஒருத்திதான் மேலேயும் கீழேயும் ஓடிக்கொண்டிருக்கிறாள். பாடகன் ஏமாத்திட்டான், பக்கவாத்தியமும் கைவிட்டுட்டுது, எம்பிள்ளை மட்டும் மானத்தைக் காப்பாத்தத் தனியாக் கெடந்து தவிக்கிறா, பெத்த மனசு கேக்குமா அத்தான்? எழுந்துவிட்டேன். தொடையில் தாளத்தைப் போட்டுக்கொண்டு, நம் கோயில் கீர்த்தனை ஒன்றின் பல்லவியை அவள் சுருதியிலேயே எடுத்துவிட்டேன்.

கோஷ்டியை நடத்துகிற துரை கையில் குச்சியோடு திரும்பினார். ஹால் முழுதும் திரும்பியது. செசிலியா திரும்பவில்லை. வில்லும் நிற்கவில்லை. சின்னப் பிள்ளையிலிருந்து நான் போகிற இடமெல்லாம் கூட வந்தவள், நேற்றைக்கு என் பின்னால் வரவேயில்லை. நான் ஒரு பக்கம் போகிறேன், அவள் ஒரு பக்கம் போகிறாள். காஜா மைதீன் என் கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்ததில் முதுகுத் தையல் விட்டுப்போயிற்று.

அப்புறம் ஒரு இடத்தில் எல்லாம் நின்றது. ஒரு கைதட்டு இல்லை, ஹால் முழுக்க இருமல்தான். போச்சு, என்னால் பிள்ளை பெயர் கெட்டது என்று வெளியே வராந்தாவில் வந்து நின்றுகொண்டேன். மறுபடி ஏதோ வாசித்தார்கள், பிறகு உள்ளே பெரிய கூச்சல். அடிக்கவே எழுந்துவிட்டார்கள் என்று நினைத்து உள்ளே பாய்ந்தேன். பார்த்தால், பாட்டு முழுதும் முடிந்த பிறகுதான் தட்டுவார்களாம், எல்லோரும் எழுந்து நின்று தட்டுகிறார்கள், காய்ச்சல்காரத் துரைசானியின் புருஷன் உட்பட. செசிலியா தலை குனிந்து நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

குதிரை வண்டியில் திரும்பும்போது, பாட வேண்டியவர் யார் என்று கேட்டேன்.

"யாரும் வர வேண்டியதில்லப்பா. அங்க பாட்டே நான்தான்."

மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான்தான் என்று வாயெடுத்துச் சொல்கிற பெண் எந்த வீட்டில் குடித்தனம் பண்ணுவாள்? இன்று காலை டீச்சர் வந்து, அடுத்த மாசமும் வாசிக்க அனுப்புவீர்களா என்று கேட்டாள். வாசற்படியிலேயே முடியாது என்று சொல்லிவிட்டேன். பிடிலைப் பெட்டியில் வைத்துப் பூட்டியாயிற்று, கோயில் கீர்த்தனைக்கு மட்டும் திறப்பேன். என் வீட்டுக்காரி சோறு போடுகிறாள், பேச்சு மட்டும் இல்லை. மொஹிங்கா தின்னப் போன கடையில்கூடப் பாடகர் வந்துவிட்டாரா என்று என்னைப் பார்த்துக் கேட்கிறார்கள். ஆகையால் தாமதிக்காமல் நாளைக் குறித்துத் தந்தியடிக்கவும்.

அக்காளின் மூட்டுவலி தணியவும், மருமகன் சிலுவைமுத்துவின் உத்தியோகம் உயரவும் ஜெபிக்கிறோம். சின்னவர்களுக்கு எங்கள் முத்தங்கள்.

தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட மைத்துனன்,
ஞானசுந்தரம்

பி.கு. இன்றைக்கு ஞாயிறு, கோயிலுக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். பெட்டியைத் திறந்து பிடிலைக் கொடுத்தேன், வழக்கம்போல் பாயில் வந்து உட்கார்ந்தாள். நான் பாடினேன், அவள் கூடவே வந்தாள், சறுக்கின இடத்தில் மூடினாள். எல்லாம் பழையபடிதான். என் காதுதான் பழையபடி இல்லை. எனக்கு இடம் விட்டு, தன்னை ஒடுக்கி ஒடுக்கி வாசிக்கிறாள் என்பது இன்றைக்குத்தான் கேட்டது. இத்தனை வருஷமும் அப்படித்தான் வாசித்திருக்கிறாள், பாவி எனக்குத் தெரியவில்லை. சரணத்தில் நிறுத்திவிட்டேன். எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது என்று சபையார் நினைத்தார்கள். "நீயே முடிம்மா" என்றேன். பாயை விட்டு எழுந்து நின்று வாசித்தாள். குருவானவர் ஆமென் சொல்ல மறந்துபோனார்.

பெட்டிச் சாவி இப்போது அவளிடம் இருக்கிறது. டீச்சரிடம் நானே போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தேன். இவ்வளவு எழுதின காகிதத்தைக் கிழிக்க மனசு வராமல் அப்படியே அனுப்புகிறேன், மேலே உள்ளதை வாசித்தவுடன் குருவானவர் வீட்டுக்குக் கிளம்பியிருந்தீர்களானால் தயவுசெய்து திரும்பிவிடுங்கள். நாள் ஒன்றும் குறிக்க வேண்டாம். செசிலியாவைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.